கடலடியில் தொடங்கிக் களப்போரம் வரை: வன்னிக் கரையின் ஆழிப்பேரலை எச்சரிக்கை

சுமாத்திராவுக்கும் அந்தமானுக்கும் இடைப்பட்ட கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஒன்று நேருமாயின், அது எழுப்பும் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் தொடுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடிக்கும். இந்த இரண்டு மணி நேரத்துக்குள் நிலநடுக்கத்தை அறிதல், அலை எழுந்துள்ளதா என்பதை உறுதிசெய்தல், கரையில் அது எவ்வளவு உயரும் எனக் கணித்தல், நாட்டின் பொறுப்பதிகாரிகள் முடிவெடுத்தல், அந்த முடிவு கடைசி வீட்டுக்கும் கடைசி மீனவர் வாடிக்கும் எட்டுதல், மக்கள் தண்ணீர் எட்டாத இடத்துக்குச் சென்றுசேர்தல் ஆகிய ஆறு செயல்களும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து முடிய வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இவற்றுள் முதல் மூன்றிலும் இந்து சமுத்திர நாடுகள் கண்டுள்ள முன்னேற்றம் பெரிது. பின் மூன்றின் நிலை அப்படியல்ல என்பதற்கு, புதுக்குடியிருப்புக்குக் கிழக்கே கடலுக்கும் களப்புக்கும் நடுவே நீளும் மணற்கரையைவிடத் தெளிவான சான்று இலங்கையில் அதிகம் இல்லை.

2004 காட்டிய வெற்றிடம்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமையாகவும், நத்தாருக்கு மறுநாளாகவும், பூரணை விடுமுறையாகவும் அமைந்த நாள். இலங்கையில் அப்போது நடைமுறையிலிருந்த நேரப்படி காலை 6.59 மணியளவில் சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் தொடங்கிய நிலப்பிளவு, பத்து நிமிடங்களுக்குள் வடக்கு நோக்கி அந்தமான் தீவுகள் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு விரிந்தது. ஹவாயிலுள்ள பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்தில் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. அதில் நிலநடுக்கத்தின் அளவு 8.0 எனக் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுப் பின் அது 8.5 எனத் திருத்தப்பட்டது. பின்னாளில் அறிவியலாளர் உறுதிசெய்த அளவு 9.1க்குக் குறையாதது. அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ முப்பத்திரண்டு மடங்காகும் என்பதை நினைத்தால், முதல் மதிப்பீடு உண்மையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தது என்பது விளங்கும்.

எனினும் அன்றைய பேரிழப்புக்கு அந்தக் கணக்குப் பிழையை முதற்காரணமாகக் கொள்ள முடியாது. ஹவாய் நிலையம் பசிபிக் நாடுகளுக்காக, 1946இல் அலூசியன் தீவுகளிலிருந்து புறப்பட்ட பேரலை ஹவாயைத் தாக்கியதன் விளைவாக, 1949இல் நிறுவப்பட்டது. இந்து சமுத்திர நாடுகளுக்கு அறிவிக்க அதற்கு அன்று ஓர் உடன்படிக்கையும் இருக்கவில்லை. அறிவித்தாலும் பெற்றுக்கொண்டு செயற்படுவதற்கென இந்நாடுகளில் பொறுப்பான அலுவலகமும் இருக்கவில்லை. கண்டிக்கு அருகே பல்லேகலையில் இயங்கிய, உலகளாவிய நிலநடுக்கப் பதிவு வலையமைப்பைச் சேர்ந்த நிலையத்தை அதிர்வு சில நிமிடங்களிலேயே வந்தடைந்தது. அந்தப் பதிவை ஒரு கட்டளையாக மாற்றி முல்லைத்தீவுக்கோ கல்முனைக்கோ அனுப்பும் வழி அன்று நாட்டில் இருக்கவில்லை. கிழக்குக் கரை தாக்கப்பட்டுவிட்டது என்ற செய்தியும் தெற்கையும் தென்மேற்கையும் முந்திக்கொண்டு சென்று சேரவில்லை. காலை 9.30 மணியளவில் பெரலியவில் அலைக்குள் அகப்பட்ட புகையிரதத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இலங்கை முழுவதிலும் 30,000க்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ 3,000 பேர் முல்லைத்தீவு மாவட்டத்தவர்.

அலையின் இயல்பும் கருவிகளின் வேலையும்

கனமான இந்தியப் புவித்தட்டு சுந்தாத் தட்டின் கீழே செருகும் எல்லையில், மேலேயுள்ள தட்டின் விளிம்பு நூற்றாண்டுக் கணக்கில் கீழ்நோக்கி இழுபட்டுக் கிடந்து, பிடி விடுபடும் கணத்தில் மேலே உந்தப்படுகிறது. கடலடி சில மீற்றர் உயர்ந்தால் அதன் மேலுள்ள நீர்ப்பரப்பு முழுவதும் உயர்கிறது. உயர்ந்த நீர் சமநிலையைத் தேடி இரு புறமும் பரவுவதே ஆழிப்பேரலை. காற்றினால் எழும் சாதாரண அலை கடலின் மேற்பரப்பை மட்டுமே அசைக்க, ஆழிப்பேரலை மேற்பரப்பு முதல் அடித்தளம் வரையுள்ள நீர் முழுவதையும் நகர்த்துகிறது. இதனாலேயே கரையேறிய பின்னும் அது உடைந்து ஓயாமல் நிமிடக் கணக்கில் உள்நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கிறது.

இவ்வலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீற்றர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றராக இருக்கும் வேகம், 50 மீற்றர் ஆழத்தில் 80 கிலோமீற்றராகவும், 10 மீற்றர் ஆழத்தில் 36 கிலோமீற்றராகவும் குறைகிறது. முன்பகுதி வேகம் தளர்ந்திருக்கையில் பின்னால் வரும் நீர் விரைந்து வந்து சேர்வதால், கரையை நெருங்க நெருங்க அலை உயர்கிறது. ஆழ்கடலிலோ அது கண்ணுக்குத் தெரிவதே இல்லை. 2004இல் நிலநடுக்கத்துக்கு இரண்டு மணி நேரத்தின் பின் வங்கக் கடலைக் கடந்த ஜேசன்-1 செய்மதி பதிவுசெய்த உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவானது; ஒரு முகட்டுக்கும் மறு முகட்டுக்கும் இடைப்பட்ட தூரம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். அதனால் ஆழ்கடலில் நிற்கும் படகிலுள்ளோர் எதனையும் உணர்வதில்லை; கரைக்குத் திரும்பிய பிறகே தம் ஊர் இல்லை என்பதை அறிகிறார்கள்.

கண்ணுக்குப் புலப்படாத அந்த உயர்வை அளப்பதற்கே ஆழ்கடல் மிதவைகள் உள்ளன. கடலடியில், சில வேளைகளில் 6,000 மீற்றர் ஆழத்தில், வைக்கப்படும் அமுக்கமானி தன் மேலுள்ள நீர்த்தூணின் எடையை ஓயாது அளந்துகொண்டிருக்கிறது. மேலே நீர்மட்டம் ஒரு சென்ரிமீற்றர் அளவு மாறினாலும் அந்த அமுக்க மாற்றத்தை அது கண்டறியும். அளவீடு ஒலிச் சமிக்ஞையாக மேலே மிதக்கும் மிதவைக்குச் சென்று, அங்கிருந்து செய்மதி வழியாக எச்சரிக்கை நிலையத்தை அடைகிறது. வழமையான காலத்தில் இடைவெளி விட்டுச் செய்தி அனுப்பும் இக்கருவி, வற்றுப்பெருக்குக்குப் பொருந்தாத மாற்றம் தென்பட்டதும் தானாகவே இடைவிடாத அறிவிப்புக்கு மாறிக்கொள்கிறது. இந்து சமுத்திரத்தில் இந்தியாவும் தாய்லாந்தும் அவுஸ்திரேலியாவும் இத்தகைய மிதவைகளை நிறுத்தியுள்ளன. மீன்கள் நிழலைத் தேடி மிதவையின் அடியில் கூடுவதால் மீன்பிடிக் கலங்கள் அதனுடன் கயிறு கட்டி நிற்பதும், பாகங்கள் களவு போவதும், அதனால் மிதவை பல மாதங்கள் மௌனமாகிவிடுவதும் உலகெங்கும் உள்ள தொல்லை. எச்சரிக்கையால் முதலில் காக்கப்பட வேண்டிய தொழிலைச் சேர்ந்தோரின் கையாலேயே இச்சேதம் நேர்வதால், கடற்றொழிலாளர் சங்கங்களில் திரும்பத் திரும்பப் பேசப்பட வேண்டிய செய்தி இது.

மிதவை கூறுவதற்கு முன்னரே முதல் அறிக்கை வந்துவிடுகிறது. நிலநடுக்கத்தின் முதன்மை அதிர்வு பாறைக்குள் செக்கனுக்கு எட்டுக் கிலோமீற்றருக்கு அண்மித்த வேகத்தில் பரவுவதால், அலை சில பத்துக் கிலோமீற்றர்கூட நகராதபோதே இடமும் அளவும் கணிக்கப்படுகின்றன. மிகப் பெரிய நிலநடுக்கங்களின் அளவைக் குறைத்து மதிப்பிடும் 2004இன் குறையைக் களைய, நீண்ட அலைகளைப் பயன்படுத்தும் புதிய கணக்கீட்டு முறை பின்னர் நடைமுறைக்கு வந்தது. அது இருபது நிமிடமளவில் நம்பத்தக்க அளவைத் தருகிறது. எந்த இடத்தில் எந்த அளவில் நிலம் நடுங்கினால் எந்தக் கரையில் எத்தனை மீற்றர் உயரும் என்பதும் ஆயிரக்கணக்கான கற்பனை நிகழ்வுகளுக்கு முன்கூட்டியே கணினியில் கணிக்கப்பட்டுள்ளது. உண்மை நிகழ்வு நேர்ந்ததும் அதற்கு நெருங்கிய கணிப்பை எடுத்து, மிதவைகளும் கரையோர நீர்மட்டமானிகளும் தரும் தரவைக் கொண்டு திருத்திக்கொள்கிறார்கள்.

இவ்வேலைக்கென யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையிலான சமுத்திரவியல் ஆணைக்குழு 2005இல் இந்து சமுத்திர எச்சரிக்கை அமைப்பை உருவாக்கியது. ஐதராபாத்தில் 2007இல் தொடங்கப்பட்ட இந்திய நிலையமும், இந்தோனேசியாவினதும் அவுஸ்திரேலியாவினதும் நிலையங்களும் 2013 மார்ச் இறுதியிலிருந்து இப்பிராந்தியத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்றுள்ளன. கரையில் அரை மீற்றருக்கு மேல் அலை உயரக்கூடும் என்று கணிக்கப்படும் கரையோரங்களை அவை ‘ஆபத்து’ எனக் குறிக்கின்றன. ஆனால் மக்களை வெளியேறச் சொல்லும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. அது அந்தந்த நாட்டு அரசுக்கே உரியது. பன்னாட்டுச் சங்கிலி அத்துடன் முடிந்து, உள்நாட்டுச் சங்கிலி தொடங்குகிறது.

இயற்கை முன்கூட்டிச் சொல்லாத கரை

தொழில்நுட்பம் இல்லாமலே உயிர் தப்பியோர் உண்டு என்பதற்குச் சுமாத்திராவின் மேற்கேயுள்ள சிமெலுவே தீவு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 1907இல் நேர்ந்த ஆழிப்பேரலையின் நினைவைத் தாலாட்டாகவும் கதையாகவும் பேணிய அத்தீவினர், 2004இல் நிலம் நடுங்கியவுடனேயே மேட்டுக்கு ஓடினர்; ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் அலையால் இறந்தோர் ஏழு பேரே. இதனைக் காட்டி, மரபறிவை மீட்டால் போதும் என்று வாதிடுவோர் ஓர் அடிப்படை வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. சிமெலுவே நிலநடுக்கத்தின் மடியிலேயே இருந்தது. நிலமே அங்கு எச்சரித்தது. முல்லைத்தீவோ அப்பிளவிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. அங்கு பெரும்பாலோர் எந்த அதிர்வையும் உணரவில்லை.

‘கடல் உள்வாங்கினால் ஓடுங்கள்’ என்ற அறிவுரையும் இக்கரைக்கு முழுமையாகப் பொருந்தாது. 2004இல் பிளவின் மேற்குப் புறத்தில் கடலடி உயர்ந்தது, கிழக்குப் புறத்தில் தாழ்ந்தது. ஆகவே கிழக்கே தாய்லாந்தை நோக்கி முதலில் அலையின் பள்ளம் சென்றது. அங்கு கடல் உள்வாங்கியது. மேற்கே இலங்கையையும் தமிழகத்தையும் நோக்கி முதலில் சென்றது முகடு. இலங்கையின் கிழக்குக் கரைக்கு முதலில் வந்ததே நீர்மட்டத்தின் உயர்வுதான். கடல் வற்றிப் பின்வாங்கியது முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் இடையிலேயே; பல இடங்களில் இரண்டாவது அலையே பெரிதாக இருந்தது. சுமாத்திரா-அந்தமான் எல்லையில் அதே வகையில் நிலம் பிளக்குமாயின் இவ்வரிசையே மீண்டும் நிகழும். எனவே முதல் அலை வடிந்ததும் கரைக்குத் திரும்பக்கூடாது என்பதே இங்கு ஒவ்வொரு பாடசாலையிலும் கற்பிக்கப்பட வேண்டிய முதற்பாடம். நிலமும் அதிராது, கடலும் முதலில் வற்றாது என்ற நிலையில், சிமெலுவேக்கு வேண்டியதைவிட மேலாக இக்கரைக்கு மனிதர் கட்டிய எச்சரிக்கை வேண்டியிருக்கிறது.

உள்நாட்டுச் சங்கிலியும் வன்னியின் வரலாறும்

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இலங்கையில் இதற்கான அடித்தளம். பன்னாட்டு நிலையங்களின் அறிக்கைகளைப் பெற்று எச்சரிக்கை வெளியிடுவது வளிமண்டலவியல் திணைக்களத்தின் பொறுப்பு. நிலநடுக்கத் தரவைப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகமும் கடல்மட்டத் தரவை நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான ‘நாரா’வும் தருகின்றன. வெளியேற்றத்தை நடத்துவது அனர்த்த முகாமைத்துவ நிலையம். அதன் செய்தி மாவட்டப் பிரிவுகள், பொலிஸார், முப்படையினர், பிரதேச செயலகங்கள், கிராம அலுவலர்கள் என இறங்கி வருகிறது. கரையோரம் நெடுக 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் நிறுவப்பட்டன. உச்சியில் ஒலிபெருக்கிகளும், செய்மதித் தொடர்பும், மின்கலமும் கொண்ட இவற்றைக் கொழும்பிலிருந்தே ஒலிக்கச் செய்யக்கூடியவாறு அமைத்திருந்தனர். ஆனால் உப்புக் காற்று இரும்பையும் மின்சுற்றையும் அரிப்பதால் தொடர்ச்சியான பராமரிப்பு இன்றி இத்தகைய கோபுரம் நிலைக்காது. இவற்றுள் பல காலப்போக்கில் செயலிழந்ததும், உதிரிப்பாகங்களுக்கும் நிதிக்கும் காத்திருந்ததும் நாளேடுகளில் தொடர்ந்து வெளிவந்த செய்திகளே.

வன்னிக் கரைக்கு வேறு ஒரு குறையும் சேர்ந்தது. நாட்டின் எச்சரிக்கை அமைப்பு கட்டியெழுப்பப்பட்ட 2005க்கும் 2009க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இக்கரை அரச நிர்வாகத்தின் நேரடிக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. ஆழிப்பேரலை நிவாரணத்துக்கென அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூனில் கைச்சாத்திட்ட கூட்டுப் பொறிமுறை உயர்நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் நடைமுறைக்கு வரவில்லை. அலைக்குப் பின் எழுந்த வீடுகளும் 2009இல் போரின் இறுதிக் களமாக மாறிய அதே மணற்கரையில் அழிந்தன. புதுமாத்தளனும் அம்பலவன்பொக்கணையும் வலைஞர்மடமும் முள்ளிவாய்க்காலும் ஐந்து ஆண்டுக்குள் இரண்டு முறை வெறுமையாயின. இடம்பெயர்ந்தோர் முகாம்களிலிருந்து மக்கள் திரும்பி வந்து மீளக் குடியேறியபோது, மற்ற மாவட்டங்கள் முதல் ஒத்திகைகளை முடித்திருந்தன. எந்த ஒழுங்கையால் ஓடினால் மேடு வரும், எந்த வளவுக்குள் தண்ணீர் முதலில் ஏறும் என்பது போன்ற ஊரறிவு, ஊரவர் சிதறியதால் கைமாறாமல் அறுந்தது. 2004க்குப் பின் பிறந்த தலைமுறை இன்று தானே கடலுக்குப் போகும் வயதை எட்டிவிட்டது. அவர்களுக்கு அந்த நாள் நினைவேந்தலில் கேட்ட செய்தி மட்டுமே.

களப்பு குறுக்கிடும் வெளியேற்றம்

வெளியேற்றத்துக்கு உலகெங்கும் சொல்லப்படும் விதி, கடலுக்குச் செங்குத்தாக உள்நிலத்தை நோக்கிச் செல்வது. இக்கரையில் பல இடங்களில் அவ்வாறு செல்வோரை எதிர்கொள்வது மேட்டுநிலமன்று, மற்றொரு நீர்ப்பரப்பு. வடக்கே சாலைக் களப்பும் தெற்கே நந்திக்கடலும் மணற்றிடலின் முதுகுப்புறத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. கடலுடன் களப்பைத் தொடுக்கும் முகத்துவாரங்கள் வழியே அலை உள்ளே புகுமாயின், இருபுறமும் தண்ணீர் சூழும் வாய்ப்பு உண்டு. பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு செல்லும் ஏ35 வீதியே பெருமளவானோர் வாகனத்தில் வெளியேறக்கூடிய பாதை. அதன் தென்முனையில் நந்திக்கடலின் வாயைக் கடக்கும் வட்டுவாகல் பாலம், எதிரெதிரே இரண்டு வாகனங்கள் விலக முடியாத ஒடுங்கிய பழைய கட்டுமானம். 2025 செப்டம்பரில் புதிய பாலத்துக்கான பணி தொடங்கப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் முகத்துவாரத்தின் மேலேயே அமையும் எந்தப் பாலமும் ஆழிப்பேரலையின்போது தப்பிச் செல்லும் பாதையாகக் கருதப்படக் கூடாது. பாலத்துக்கு வடக்கேயுள்ளோர் புதுக்குடியிருப்புத் திசையிலும், தெற்கேயுள்ளோர் முள்ளியவளைத் திசையிலும் செல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டு, பலகைகளில் எழுதப்பட்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்நிலையில் புதுக்குடியிருப்பு நகரத்தின் பங்கு மாறுகிறது. கடலோரத்தில் இல்லாத அந்நகரம் ஆபத்துக்கு உள்ளாவதைவிட, ஆபத்திலிருந்து வருவோரை ஏற்கும் இடமாகவே அமையும். வரும் மக்களை எந்தப் பாடசாலை ஏற்கும், வைத்தியசாலை எத்தனை பேரைத் தாங்கும், எதிர்த்திசையில் கரைக்கு விரையும் உறவினரின் வாகனங்களை எந்தச் சந்தியில் நிறுத்துவது என்பனவற்றுக்கு விடை முன்னமே இருக்க வேண்டும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கி, இலங்கையின் கரையோர மக்களுக்கு வெளியேறுமாறு பணிக்கப்பட்டபோது, நாட்டின் பல இடங்களில் வீதிகள் வாகனங்களால் அடைபட்டன. அன்றைய நடுக்கம் தட்டின் பக்கவாட்டு அசைவால் நேர்ந்ததால் பேரலை எழவில்லை. எழுந்திருந்தால் அந்த நெரிசலே உயிர்களைப் பலிகொண்டிருக்கும். கால்நடையாக இருபது நிமிடத்தில் பாதுகாப்பான இடத்தை அடையக்கூடியோர் வாகனத்தைத் தொடாதிருப்பதும், வாகனங்களை முதியோர், கர்ப்பிணிகள், போரில் கால் இழந்தோர் ஆகியோருக்கென ஒதுக்குவதும் ஒத்திகையின்றி வராத ஒழுங்கு. உறுப்பிழந்தோர் கணிசமாக வாழும் இம்மாவட்டத்தில் அவர்களின் பெயர்ப்பட்டியல் கிராம அலுவலரிடம் இருப்பது சலுகையன்று, திட்டத்தின் முதல் வரி.

களப்பைத் தாண்ட நேரம் போதாதோருக்கு மேல்நோக்கிச் செல்வதே வழி. ஜப்பானில் வலுவான கொங்கிறீற் கட்டடங்கள் அதற்கென அடையாளமிடப்பட்டுள்ளன. வன்னியின் மணற்கரையில் புதிதாகக் கட்டப்படும் பாடசாலைகளும் பொதுமண்டபங்களும் கீழ்த்தளத்தில் தூண்களுக்கிடையே நீர் புகுந்தோட இடம்விட்டு, மேற்தளத்துக்கு வெளிப்புற அகன்ற படிகளுடன் அமையுமானால், ஒரே செலவில் வகுப்பறையும் அடைக்கலமும் கிடைக்கும்.

செய்தி எட்டும் வழிகள்

ஒற்றை வழியை நம்பும் எச்சரிக்கை அந்த வழி அடைபட்டால் முடிந்துபோகிறது. 2018 செப்டம்பரில் இந்தோனேசியாவின் பாலு நகரை ஆழிப்பேரலை தாக்கியபோது அபாயச் சங்குகள் ஒலிக்கவில்லை. 2011இல் ஜப்பானில் முதல் மூன்று நிமிட மதிப்பீடு குறைவாக இருந்ததால், மியாகி மாகாணத்துக்கு ஆறு மீற்றர் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. திருத்தம் வந்தபோது மின்தடையால் பலருக்கு அது எட்டவில்லை. உலகின் மிகச் சிறந்த அமைப்பையே இவ்வாறு தடுக்கக்கூடிய தடை, பழுதான கோபுரங்களைக் கொண்ட கரையை விட்டுவைக்காது.

இதற்கு எதிர்ச்சான்று தமிழ்நிலத்திலேயே உள்ளது. புதுச்சேரியின் நல்லவாடு என்னும் மீனவர் ஊரில், 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் விடுத்த எச்சரிக்கையைக் கேட்டவர்கள், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஊரக அறிவு மையத்துக் கதவை உடைத்து, நாள்தோறும் அலை உயரமும் மீன்விலையும் அறிவிக்கப் பயன்பட்ட ஒலிபெருக்கியில் அதனை முழங்கச் செய்தனர். 3,600க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அவ்வூர் மக்கள் உயிர் தப்பினர். அன்றாடம் பயன்பட்டுக்கொண்டிருந்ததால் அந்த ஒலிபெருக்கி அன்று வேலை செய்தது. அதன் குரலுக்கு ஊர் பழகியிருந்ததால் மக்கள் ஓடினர். பேரிடருக்கென மட்டும் நிறுவப்பட்டு ஆண்டுக்கணக்கில் ஊமையாக நிற்கும் கோபுரத்தின் குறை இதிலிருந்து விளங்கும்.

முல்லைத்தீவுக் கரையில் ஒவ்வோர் ஊரிலும் கோயிலிலோ தேவாலயத்திலோ ஒலிபெருக்கி இருக்கிறது. ஒவ்வோர் இறங்குதுறையிலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. இவற்றுக்கு எச்சரிக்கைச் சங்கிலியில் எழுத்துமூலமான இடம் கொடுத்து, சாவி எவரிடம், அவர் இல்லாதபோது எவரிடம், மின்சாரம் தடைப்பட்டால் மின்கலம் எங்கே என்பனவற்றை வகுத்துவிட்டால், கோபுரங்களைப் பழுதுபார்க்கும் செலவின் சிறுபகுதியில் இரண்டாவது வலை ஒன்று உருவாகும். அதே ஒலிபெருக்கியில் காற்றின் திசையும் கடல் நிலையும் நாளாந்தம் அறிவிக்கப்படுமாயின் அது என்றும் உயிர்ப்புடன் இருக்கும். கைப்பேசி வழியாக வரும் எச்சரிக்கையிலும் ஒரு தெரிவு உண்டு. தனித்தனி எண்களுக்கு வரிசையாகச் செல்லும் குறுஞ்செய்தி நெரிசலில் தாமதமாகும். ஒரு கைப்பேசிக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே கணத்தில் செல்லும் ஒலிபரப்பு முறைக்கு அத்தடை இல்லை. கரையோரத்துக்கு இரண்டாவதே ஏற்றது.

மொழி இச்சங்கிலியின் மற்றொரு கண்ணி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது, அதிகாரபூர்வ எச்சரிக்கைகள் தமிழில் தாமதமாகவோ முழுமையற்றோ வந்தன என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. புயலுக்கு நாட்கணக்கில் அவகாசம் உண்டு; 2020 டிசம்பரில் புரெவி முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரைகடக்கு முன்னர் மக்களை இடம்பெயர்க்க நேரம் கிடைத்தது. ஆழிப்பேரலையில் மொழிபெயர்ப்பாளர் அலுவலகம் வந்து சேரும் நேரத்தில் அலையே வந்துவிடும். எனவே அறிவிப்பு வாசகங்கள் தமிழிலும் சிங்களத்திலும் முன்கூட்டியே எழுதப்பட்டு, ஊரும் நேரமும் மட்டும் நிரப்பி வெளியிடத்தக்கனவாக இருக்க வேண்டும். நாயாறு, கொக்கிளாய் வாடிகளில் பருவந்தோறும் வந்து தங்கும் சிங்கள மீனவர்களுக்கும் அதே எச்சரிக்கை அதே நிமிடத்தில் எட்ட வேண்டும். வாடிகள் பற்றிய தொழில் உரிமைத் தகராறு தொடரலாம். அலை அதனைக் கேட்டு நிற்பதில்லை. கடலில் இருப்போருக்குச் சொல்ல வேண்டியது வேறு: கரைக்கு அண்மையில் உள்ள படகுகள் திரும்பாமல் நூறு மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தை நோக்கிச் செல்வதும், எச்சரிக்கை நீக்கப்படும் வரை அங்கேயே தங்குவதும்தான் அவர்களின் காப்பு.

வீண்போன எச்சரிக்கை என்ற எண்ணம்

2005 மார்ச்சிலும் 2007 செப்டம்பரிலும் 2012 ஏப்ரலிலும் எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டன. இவற்றை வீண் பதற்றமாகக் கருதும் மனப்போக்கு ஆபத்தானது. முதல் அரை மணி நேரத்தில் அறிவியலுக்குத் தெரிவது நிலநடுக்கத்தின் அளவும் இடமுமே. அலை எழுந்ததா என்பது மிதவைகள் பேசிய பின்னரே தெரியும். அதுவரை காத்திருந்தால் வெளியேறுவதற்கான நேரத்தின் பாதி கரைந்துவிடும். ஆகவே முதலில் நகர்ந்து, பின்னர் உறுதியறிந்து திரும்புவது அமைப்பின் இயல்பான நடைமுறையே தவிர அதன் தோல்வியன்று. ஆனால் நீக்கப்பட்ட ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் காரணம் மக்களுக்கு எளிய மொழியில் விளக்கப்பட வேண்டும். விளக்கப்படாத எச்சரிக்கை அடுத்த எச்சரிக்கையின் மதிப்பைக் குறைக்கும். எரிமலைச் சரிவால் எழும் அலைகளை, நிலநடுக்கத்தை வைத்து எச்சரிக்கும் அமைப்பு தவறவிடக்கூடும் என்பதை 2018 டிசம்பரில் சுந்தா நீரிணையில் நேர்ந்தது காட்டியது. அமைப்பின் எல்லைகளையும் மறைக்காமல் சொல்வதே நம்பிக்கையை வளர்க்கும்.

இலங்கையில் டிசம்பர் 26 தேசிய பாதுகாப்பு தினமாக அறிவிக்கப்பட்டுள்ளது. முல்லைத்தீவில் அந்நாள் பெரும்பாலும் அஞ்சலிக்கும் பூசைக்கும் உரியதாகக் கழிகிறது. அதற்கான நியாயம் எவராலும் மறுக்கத்தக்கதன்று. அஞ்சலி முடிந்த அதே காலையில், கொழும்பிலிருந்து கட்டளை புறப்பட்ட நிமிடம் முதல், மணற்கரையின் கடைசி ஊரிலிருந்து கடைசி ஆள் களப்பைச் சுற்றிப் பாதுகாப்பான எல்லையைத் தாண்டும் நிமிடம் வரை நேரம் அளக்கும் முழு ஒத்திகை ஒன்றும் நடத்தப்பட வேண்டும். இந்து சமுத்திர நாடுகள் 2009 முதல் ஆண்டுகள் சில இடைவிட்டு நடத்தும் பன்னாட்டு ஒத்திகை பெரும்பாலும் அலுவலகங்களுக்கிடையிலான தொடர்பையே சோதிக்கிறது. ஊரின் கால்களைச் சோதிக்கும் பொறுப்பு மாவட்டத்துக்கும் பிரதேச செயலகங்களுக்கும் உரியது. அளக்கப்பட்ட நிமிடக் கணக்கு ஊர்வாரியாக மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் வைக்கப்பட்டு, பொதுமக்கள் பார்க்க வெளியிடப்பட வேண்டும். எந்த ஊரின் கணக்கு அறுபது நிமிடத்தைத் தாண்டுகிறதோ, அந்த ஊருக்கே அடுத்த ஆண்டின் வீதியும் மேற்தளக் கட்டடமும் முதலில் கிடைக்க வேண்டும் என்ற விதி இருக்குமானால், இதுவரை ஐதராபாத்திலும் ஜகார்த்தாவிலும் செலவிடப்பட்ட அறிவும் பணமும் வன்னிக் கரையில் உயிர்களாகத் திரும்பி வரும்.